கீத பவனிக்கு நான் கொடுத்த கரண்டு

நான் ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன். வெட்கப்பட்டுச் சொல்வதாக நினைக்க வேண்டாம். கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், அவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், பில் போடுவதற்குள் இதைச் சொல்லிவிடுவேன். தில்லி முனிர்காவில் கடை வைத்திருப்பவனுக்கு இது நல்ல மூலதனம். இரண்டு பெரிய பல்கலைக்கழகங்களின் பிள்ளைகள் இங்கேதான் அறை எடுத்துத் தங்குகிறார்கள். பெரிய பெரிய படிப்புப் படிக்கிறவர்கள் ஏசி ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, இதற்குப் பென்சில் செல்லா, அதைவிட ஒல்லியானதா என்று என் முன்னால் விழித்துக்கொண்டு நிற்கும்போது எனக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தில்லிக்கு வந்தபோது நடைபாதையில் ஒரு போர்வையை விரித்து டார்ச் செல் விற்றேன். இன்றைக்கு ஷட்டர் போட்ட சொந்தக் கடை. செல், சார்ஜர், அடாப்டர், ரிமோட், காலிங் பெல், எடை மெஷின், எது ஓடாமல் நின்றாலும் என்னிடம் வரலாம். சதுரமான ஒன்பது வோல்ட் பேட்டரியை நாக்கு நுனியில் வைத்தே அதற்கு உயிர் இருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். இதையும் எல்லோரிடமும் சொல்வேன்.

"அதான் அந்த நாக்கு இப்படிப் பேசுது" என்பாள் என் மனைவி. "ஊருக்கெல்லாம் கரண்டு குடுக்கிய, நம்ம வீட்டுக் கடிகாரம் ரெண்டு மாசமா நிக்கி."

இத்தனை பெருமை உள்ளவனை, போன கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, மயூர் விஹாரில் ஒரு வீட்டு வரவேற்பறையில், ஸ்வெட்டருக்குள்ளிருந்து வயர் தொங்க நிற்க வைத்துவிட்டார்கள். நிற்க வைத்தது வேறு யாருமில்லை, நானேதான்.

எங்கள் சபையில் ஒவ்வொரு டிசம்பரிலும் கீத பவனி உண்டு. பாட்டுக் குழு ஒரு டெம்போ வண்டியில் ஏறித் தமிழ் வீடுகளுக்குப் போய், பிறப்புப் பாட்டுகள் பாடி, ஜெபம் செய்து, கேக்கும் முறுக்கும் தின்றுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகும். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் தொடங்கி, முனிர்காவைச் சுற்றி, கடைசியில் ஆற்றைத் தாண்டி மயூர் விஹாரில் முடிப்போம். பல வருஷமாகக் கையால் தட்டிக் குலுக்கும் ஒரு தம்பூரின் மட்டும்தான் வாத்தியம். பாட்டுக் குழுவை நடத்துகிறவர், மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்ற தூத்துக்குடிக்காரர். நாங்கள் மாஸ்டர் என்போம். தம்பூரினே அதிகம் என்று நினைக்கிற மனிதர்.

அந்தக் குழுவில் ஆல்ட்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல், பாடுகிற ஒரு அம்மா இருக்கிறார். ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ், நாகர்கோவில்காரர். எல்லோருக்கும் அவர் சிஸ்டர். முனிர்காவை விட்டுப் போன ஒரு மாணவனிடமிருந்து பழைய கீபோர்டு ஒன்றை வாங்கி, டூட்டி முடிந்து வந்து, பக்கத்து அறைக்காரர்களுக்குத் தொந்தரவு இல்லாமல் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, இரண்டு வருஷம் தானாகவே கற்றுக்கொண்டார். ஒரு நாள் பயிற்சிக்குக் கீபோர்டையே தூக்கிக்கொண்டு வந்து, கீத பவனியில் வாசிக்கட்டுமா என்று கேட்டார்.

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் மறுக்கப் போகும்போது செய்வது அது.

"சிஸ்டர், ஒரு தடவை பாப்போம். வீட்டுக்கு வீடு பிளக் தேடி அலைய முடியாது. நடுவுல மக்கர் பண்ணிச்சுன்னா மூட்டை கட்டி வச்சிரணும். அதுக்கப்புறம் கீபோர்டுன்னு யாரும் என்கிட்ட வரப்படாது. சரியா?"

"சரி மாஸ்டர்" என்றார் சிஸ்டர். முகம் சின்னதாகிவிட்டது.

அப்போது யாரும் கேட்காமலேயே நான் எழுந்தேன். "கரண்டு என் பொறுப்பு" என்றேன்.

மறுநாள் சிஸ்டர் கீபோர்டையும் அதன் அடாப்டரையும் கடைக்குக் கொண்டுவந்தார். அடியில் ஆறு பெரிய டார்ச் செல் போடுகிற பெட்டி இருந்தது. பழைய செல்கள் உள்ளேயே கசிந்து, கம்பிச் சுருள்களைப் பச்சைப் பச்சையாகத் தின்றிருந்தன. அடாப்டர் குத்துகிற ஓட்டை மட்டும் நன்றாக இருந்தது. பின்பக்கம் ஒன்பது வோல்ட் என்று எழுதி, பக்கத்திலேயே பின்னின் நடுவில் மைனஸ், வெளியில் பிளஸ் என்று காட்டுகிற சின்னப் படமும் போட்டிருந்தது.

"அண்ணாச்சி, இதுக்கு பேட்டரி செஞ்சா எவ்வளவு நேரம் தாங்கும்?" என்று கேட்டார்.

"ஒன்பது வோல்ட் சிஸ்டர். சுத்தமான ஒன்பது. கூடவும் போகாது, குறையவும் குறையாது."

"இல்ல, எவ்வளவு நேரம்..."

"கவலையே படாதீங்க. நான் இந்தத் தொழில்ல எத்தனை வருஷமா இருக்கேன் தெரியுமா?"

அவர் கேட்டது நேரம். நான் சொன்னது வோல்ட். இதை இங்கே கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. முனிர்கா மொட்டை மாடிகளில் வரிசையாகக் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள் நிற்கும் அல்லவா? தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு வேகமாகக் குழாயில் தண்ணீர் விழும். அதுதான் வோல்ட். தொட்டி எவ்வளவு பெரியதோ அவ்வளவு நேரம் விழும். அதுதான் செல்லின் மேல் எம்.ஏ.ஹெச். என்று அச்சடித்திருக்கும் எண். நாலாவது மாடியில் ஒரு சொம்பை வைத்துக் குழாய் இழுத்தாலும் தண்ணீர் வேகமாகத்தான் வரும். தலைக்குச் சோப்புப் போட்ட பிறகு தெரியும் சங்கதி.

இந்த விளக்கத்தை நானே வாடிக்கையாளர்களுக்கு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். கைதட்டாத குறையாகக் கேட்பார்கள்.

மூன்று லித்தியம் செல்லை வரிசையாகக் கோத்தேன். அதில் வருகிற வோல்ட்டை ஒன்பதாக இறக்க ஒரு சின்ன போர்டு. மைனஸ் பிளஸ் படம் பார்த்து வயர். எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் டிபன் டப்பாவுக்குள் அடக்கினேன். செல்கள் என் கடைச் சரக்கு, தில்லிச் செங்கோட்டைக்கு எதிரே மொத்தச் சந்தையில் கட்டுக்கட்டாக வாங்குவது. மேலே அச்சடித்திருக்கும் எண் எப்போதும் மிகப் பெரிதாக இருக்கும். அந்த எண்ணை நம்பி யாராவது வந்து புகார் சொன்னால், "பையா, அது அச்சாபீஸ்காரன் கணக்கு, செல்லுக்கே தெரியாது" என்று சிரிக்க வைத்து அனுப்பிவிடுவேன். அன்றைக்கு அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, ஆஹா, நாள் முழுக்கத் தாங்கும் என்று திருப்திப்பட்டுக்கொண்டேன். என் பொய்யை எனக்கே விற்றுவிட்டேன், அதுவும் பேரம் பேசாமல்.

ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்து ஒரு பாட்டு வாசிக்கச் சொன்னேன். அருமையாக வேலை செய்தது. "அடாப்டரைக் கொண்டு வரட்டுமா அண்ணாச்சி? எதுக்கும் இருக்கட்டுமே" என்றார் சிஸ்டர். "அடாப்டரா? நீங்க என்னை அவமானப்படுத்துறீங்க" என்றேன். அடாப்டர் என் கடை மேசையிலேயே தங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பாடும் முடிந்து புறப்பட்டோம். பனிப்புகையில் சூரியன் எங்கே என்று தெரியாத நாள். முதல் வீடு ஆர்.கே.புரத்தில். சிஸ்டர் கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டார். மாஸ்டர் கையைத் தூக்கினார். ஆர்கன் சத்தம் அந்தச் சின்ன குவார்ட்டர்ஸ் முழுக்க நிறைந்ததும் வீட்டுக்காரம்மா கண்ணை மூடிக்கொண்டார். மாஸ்டர்கூடப் புருவத்தை இறக்கினார். நான் டிபன் டப்பாவை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றேன். காணிக்கைத் தட்டு என்று நினைத்து ஒரு பெரியவர் அதில் நூறு ரூபாய் வைத்தார்.

டெம்போவுக்குத் திரும்பியதும் ஆரம்பித்தது வினை.

எங்கள் குழுவின் இளவட்டங்கள் தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். தமிழ் பேசுவார்கள், எழுத்துக் கூட்டத் தெரியாது. பாட்டுகளை எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் அடித்து மொபைலில் வைத்திருப்பார்கள். மொபைல் அணைந்தால் அவர்கள் பாட்டுப் புத்தகம் மூடிய மாதிரி.

"அங்கிள், என் போன்ல பேட்டரி கதம் ஆகப் போவுது. உங்க டப்பால சார்ஜ் போடலாமா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் 'உங்க டப்பா' என்றாளே, அந்த மரியாதையில் நான் உருகிவிட்டேன். இந்த மாதிரித் தேவை வரும் என்று யோசித்து, மொபைல் சார்ஜ் போடுகிற போர்டு ஒன்றை முந்தின நாளே டப்பாவில் வைத்திருந்தேன். "போடு மக்களே, போடு. இதுல பஞ்சமே கிடையாது."

ஒன்று போனதும் இன்னொன்று வந்தது. பிறகு கிறிஸ்மஸ் தாத்தா வேஷம் போட்டிருந்த பேங்க் ஊழியர், தன் சிவப்புக் கோட்டில் சுற்றியிருந்த எல்.இ.டி. சரத்தின் செல் தீர்ந்துபோனதென்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். அவருக்கும் ஒரு வயர். பிறகு தோளில் மாட்டும் ஸ்பீக்கர். அதற்கும் ஒரு வயர். முனிர்கா சந்துகளில் நாங்கள் நடந்தபோது என் டப்பாவிலிருந்து ஐந்தாறு வயர்கள் ஐந்தாறு பேருக்குப் போயின. நாய்களைக் கயிற்றில் பிடித்து நடத்துகிறவன் மாதிரி இருந்தேன். ஆனால் அப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. தில்லிக்கே மின்சாரம் விநியோகிக்கிறவனாகத் தோன்றியது.

சிஸ்டர் மட்டும் ஒரு தடவை மெல்லக் கேட்டார். "அண்ணாச்சி, இவ்வளவும் இழுத்தா தாங்குமா? ஆஸ்பத்திரியில ஒரு பேஷன்ட்டை ஸ்கேனுக்குக் கொண்டு போறதுக்கு முன்னாடி, மருந்து ஏத்துற பம்ப்போட பேட்டரி திரும்பி வர்ற வரைக்கும் நிக்குமான்னு பாத்துட்டுத்தான் கட்டிலை நகத்துவோம்."

"அது ஆஸ்பத்திரி பேட்டரி. இது நான் செஞ்சது" என்றேன்.

முனிர்காவில் கடைசி வீடு. மூன்றாவது மாடி, தமிழ்க் குடும்பம், அறை நிறைய ஆட்கள். மெதுவாகப் போகும் ஒரு தாலாட்டு மாதிரியான பாட்டு. பெண்களின் குரலுக்கு ஏற்ப சிஸ்டர் கீபோர்டில் சுருதியை இரண்டு கட்டை இறக்கி வைத்திருந்தார். இரண்டாவது சரணத்தில், எல்லோரும் மூச்சை இழுத்துக்கொண்டு உச்சிக்குப் போகும் நேரத்தில், கீபோர்டின் சின்னத் திரை ஒரு தடவை அணைந்து எரிந்தது.

கீபோர்டுக்கு வோல்ட் குறைந்தால் அது மயங்கி விழுந்து எழுந்திருக்கும். எழுந்ததும் பழசு எதுவும் ஞாபகம் இருக்காது. ஆர்கன் போய் பியானோ வந்தது. இறக்கி வைத்த சுருதி பழைய இடத்துக்கே ஏறிவிட்டது. சிஸ்டரின் விரல்கள் சரியான கட்டையில்தான் விழுந்தன, ஆனால் சத்தம் வேறு எங்கேயோ இருந்து வந்தது. ஆல்ட்டோ ஒரு பக்கம், ஆண்களின் டெனர் ஒரு பக்கம், மாஸ்டர் நடுவில். தாலாட்டில் தூங்க வேண்டிய வீட்டுக் குழந்தை வீறிட்டு அழுதது. சிஸ்டர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மிச்சப் பாட்டைத் தம்பூரினோடு முடித்தோம்.

படியிறங்கினோம். டெம்போவில் ஏறி உட்கார்ந்ததும் மாஸ்டர் சொன்னார்.

"சிஸ்டர், நீங்க நல்லாத்தான் வாசிச்சீங்க. ஆனா சொன்னபடிதான். மூட்டை கட்டிருங்க."

"சரி மாஸ்டர்."

சிஸ்டர் கீபோர்டை அதன் உறைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். பாதியில் ஜிப் மாட்டிக்கொண்டது. அதை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, அப்படியே விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என் மனைவி எனக்குப் பக்கத்து சீட்டில் இருந்தாள். குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். "ரெண்டு வருசம் அந்தப் பிள்ளை காதுல மாட்டிக்கிட்டு யாருக்கும் கேக்காம வாசிச்சிருக்கு. இன்னைக்குத்தான் நாலு பேருக்குக் கேட்டுச்சு. நீங்க அந்தத் தாத்தா கோட்டுக்கு லைட்டு போட்டுட்டு இருந்திய."

ஆற்றுப் பாலம் தாண்டினோம். நான் எழுந்து, ஆடும் டெம்போவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வயராகப் பிடுங்கினேன். மொபைல்கள், ஸ்பீக்கர், கடைசியாகத் தாத்தாவின் கோட்டு.

"அரே அங்கிள், என் லிரிக்ஸ்!" என்று பின் சீட்டிலிருந்து கூச்சல்.

"மனப்பாடமா தெரிஞ்சதைப் பாடுங்க. தெரியாத இடத்துல வாயை மட்டும் அசைங்க. நான் ஊர்ல இருந்தப்ப அப்படித்தான் பாடினேன்."

டப்பாவைத் தொட்டால் பனிக்கட்டி. அத்தனை நேரம் திறந்த கையில் ஏந்திக்கொண்டு ஊர்வலம் போனேனே, குளிரில் செல் கொடுக்கிற கரண்டும் சுருங்கும் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? காட்ட வேண்டும் என்கிற ஆசையில் மறந்துபோன விஷயம். ஸ்வெட்டரைத் தூக்கி, டப்பாவை உள்பனியனுக்கு மேல், வயிற்றோடு வைத்து மூடினேன். உயிர் போய் வந்தது. சுமையில்லாமல் கொஞ்ச நேரம் ஓய்வு கொடுத்தால் செல் ஓரளவு தெளியும். என் வயிறு எதற்கும் உதவாது என்று சொன்னவர்கள் வீட்டில் உண்டு.

மயூர் விஹார் வீட்டில் நுழைந்ததும் மாஸ்டரிடம் போனேன். "மாஸ்டர், ஒரே ஒரு பாட்டு. சிஸ்டர் வாசிக்கட்டும். தப்பு என்னுது, கீபோர்டுது இல்ல."

மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வயிறு சதுரமாக இருந்ததை ஒன்றும் கேட்கவில்லை. "இங்கதான் பிளக் இருக்கே. எதுக்குவே உம்ம பேட்டரி? இந்தா, இந்த வைஃபை டப்பாவோட அடாப்டரைக் கழட்டிக் குத்தும். பின் ஒரே மாதிரிதான இருக்கு."

வீட்டுக்காரரும் நல்ல மனசோடு அதைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பின் கச்சிதமாக உட்காரும், அது பார்த்தாலே தெரிந்தது. சிஸ்டரும் பார்த்தார். அவர் கண்ணில் ஒரு ஆசை எட்டிப் பார்த்தது.

அடாப்டரை விளக்கடியில் பிடித்துப் பொடி எழுத்தைப் படித்தேன். பன்னிரண்டு வோல்ட். நடுவில் பிளஸ், வெளியில் மைனஸ். கீபோர்டுக்கு எல்லாமே நேர்மாறு. குத்தியிருந்தால் சத்தம் வராது, புகை வந்திருக்கும். வயரை வெட்டி என் போர்டு வழியாகக் கொடுக்கலாம் என்று கை ஒரு கணம் துறுதுறுத்தது உண்மை. கேக் கொடுக்கிற வீட்டில் வயரை வெட்டும் துணிச்சல் எனக்கே இல்லை.

"வேண்டாம் மாஸ்டர். பின் சேரும், வோல்ட் சேராது. இதைக் குத்தினா சிஸ்டரோட கீபோர்டு போயிரும்."

"அப்ப உம்ம டப்பா முழுப் பாட்டுக்குத் தாங்குமா?"

வாய் வரைக்கும் வந்தது, 'நான் செஞ்சது' என்று. விழுங்கினேன்.

"தெரியல மாஸ்டர்" என்றேன். அந்தச் சொல் என் வாய்க்குப் பழக்கமில்லை. என் மனைவி திரும்பிப் பார்த்தாள். "சத்தத்தைப் பாதியா குறைச்சு வாசிச்சா தாங்கலாம். சின்னப் பாட்டா எடுங்க."

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமல் திரும்ப மாட்டிக்கொண்டார். "சிஸ்டர், உங்களுக்கு எது தோதோ அதை எடுங்க."

சிஸ்டர் சோபா நுனியில் உட்கார்ந்து கீபோர்டை மடியில் வைத்தார். ஆர்கனைத் தேடிப் பிடித்தார். சுருதியை இறக்கினார். சத்தத்தைக் குறைத்தார். வயர் கட்டை. அதனால் நான் அவருக்குப் பக்கத்தில், ஒரு முழம் தள்ளி, ஸ்வெட்டருக்குள் இரண்டு கையையும் விட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. பார்த்தவர்களுக்கு நான் அவசரமாக எங்கேயோ போக வேண்டியவன் மாதிரி தெரிந்திருக்கும். வீட்டுக்காரம்மா என் மனைவியின் காதில், "அண்ணனுக்கு பாத்ரூம் அந்தப் பக்கம்" என்று சொன்னதும் உண்மை.

பாட்டு தொடங்கியது. சத்தம் குறைவாக இருந்ததால் எல்லோரும் குரலைத் தாழ்த்த வேண்டியிருந்தது. மொபைல் இல்லாத இளவட்டங்கள் பாதி வரியில் வாயை மட்டும் அசைத்தார்கள். அது ஒரு வகையில் பாட்டுக்கு நல்லதாகவே அமைந்தது. நான் பாடவில்லை. சின்னத் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் சரணம். இரண்டாவது. திரை ஒரு தடவை லேசாக மங்கியது. டப்பாவை வயிற்றோடு இன்னும் இறுக்கிப் பிடித்தேன். சிஸ்டர் அதைக் கவனித்துவிட்டு இடது கையை எடுத்துவிட்டார். வலது கையால் ஒற்றை ஒற்றைக் கட்டையாக மெட்டை மட்டும் வாசித்தார். திரை தெளிந்தது. அந்த ஒற்றை இழையைப் பிடித்துக்கொண்டு முழுக் குழுவும் கடைசிச் சரணத்தைக் கடந்தது.

எங்களோடு வந்திருந்த ஐயர் கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கினார். எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம், அவர் ஜெபமும் நீளம்தான். நான் கைகூப்ப முடியாமல் வயிற்றைப் பிடித்தபடியே ஆண்டவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன், அதை இங்கே எழுத வேண்டியதில்லை. ஜெபம் முடிந்தபோது மாஸ்டர் சிஸ்டரைப் பார்த்து, தம்பூரின்காரரைப் பார்க்காமல் சிஸ்டரைப் பார்த்து, கையைத் தூக்கினார். சிஸ்டர் ஆமென் வாசித்தார். இந்தத் தடவை இரண்டு கையாலும். அது அடங்கி முடியும் வரை திரை எரிந்தது.

கேக் வந்தது. ஒரு தட்டை சிஸ்டர் கையில் கொடுத்துவிட்டு மாஸ்டர் சொன்னார். "முப்பத்தொண்ணாம் தேதி ஆராதனைக்கும் வாசிங்க சிஸ்டர். சனிக்கிழமை பிராக்டீஸுக்குக் கீபோர்டைக் கொண்டு வந்துருங்க." சிஸ்டர் தட்டைப் பிடித்தபடி தலையை ஆட்டினார். மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "நீரு சிரமப்பட வேண்டாம். சர்ச்சில பிளக் பாயிண்ட் இருக்கு."

"இருக்காம என்ன மாஸ்டர்? அந்தப் பிளக் பாயிண்ட்டைப் போட்டது யாருன்னு நெனைக்கிய?" என்றேன், ஸ்வெட்டருக்குள்ளிருந்து டப்பாவை எடுத்தபடி.

"எது, அந்த ஆடிக்கிட்டு இருக்கே, அதுவா?" என்றாள் என் மனைவி.